கைக்குழந்தையோடு என்எஃப்எல் ஆட்டம்: டிக்கெட் வாங்கும் முன்பே தெரிய வேண்டியவை

அமெரிக்காவில் இருக்கிறீர்கள், வீட்டில் மூன்று வயதுக்குள் ஒரு குழந்தை இருக்கிறது, என்எஃப்எல் என்னும் அமெரிக்கக் கால்பந்து லீகின் ஓர் ஆட்டத்தை நேரில் பார்க்க ஆசை. தாராளமாகப் போகலாம். ஆனால் முதல்முறை போகும் பெற்றோர் மூன்று இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள். டயப்பர் பையை கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். மடியில் இருக்கும் குழந்தைக்கும் டிக்கெட் கேட்கலாம். ஒருமுறை வெளியே வந்துவிட்டால் பெரும்பாலான ஸ்டேடியங்களில் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். மூன்றையும் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே சரிபார்த்துக்கொள்ள முடியும். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே செய்துகொண்டு வாருங்கள்.

1. குழந்தையின் வயதைப் பார்த்து முடிவெடுங்கள்

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை அழைத்துப் போக வேண்டாம். அந்த வயதில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே அவசரமாக மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். அறுபதாயிரம் பேர் கூடும் இடத்தில் சளியும் இருமலும் ஒட்டாமல் திரும்புவது கடினம். தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணையும் அமெரிக்காவில் 12 முதல் 15 மாதத்தில்தான் போடுகிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் தட்டம்மை பரவுகிறது என்று செய்தி வந்தால், ஒரு வயது ஆகாத குழந்தையோடு அந்த சீசனை விட்டுவிடுங்கள்.

நான்கு முதல் ஒன்பது மாதம் வரைதான் உள்ளதிலேயே எளிதான காலம். மார்போடு கட்டிய கேரியரில் கிடக்கும், பால் குடிக்கும், பாதி ஆட்டம் தூங்கிவிடும். பத்து மாதத்திலிருந்து இருபது மாதம் வரை மிகக் கடினம். புதிதாக நடக்கப் பழகிய பிள்ளை மடியில் நிற்காது, காதில் மாட்டியதைப் பிடுங்கி எறியும், படிக்கட்டைக் கண்டால் இறங்கி ஓடும். அந்த வயதில் அழைத்துப் போவதானால் இரண்டு பெரியவர்கள் கட்டாயம் வேண்டும். ஒருவர் மட்டுமே ஆட்டம் பார்க்க முடியும் என்று எண்ணிக்கொண்டு போங்கள். இரண்டரை வயதுக்கு மேல் பிள்ளைக்கே வேடிக்கை பார்க்க ஆர்வம் வந்துவிடும். வேடமிட்டு வரும் மாஸ்காட்டும் பேண்டு வாத்தியமும் பந்தைவிடப் பிடித்துப் போகும்.

2. எந்த ஆட்டம், எந்த மாதம்

கடிகாரப்படி ஆட்டம் 15 நிமிடக் குவார்ட்டர் நான்கு, ஆக 60 நிமிடம்தான். நடைமுறையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். போக வர, உள்ளே நுழைய என்று சேர்த்தால் ஆறு மணி நேரம் குழந்தை வீட்டுக்கு வெளியே இருக்கும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஆட்டம் தொடங்கும் நேரத்தை. ஞாயிறு பகல் ஆட்டங்கள் கிழக்கு நேரப்படி 1 மணிக்கும், 4:05 அல்லது 4:25-க்கும் தொடங்கும். ஞாயிறு இரவு ஆட்டம் 8:20-க்கு. வியாழன், திங்கள் இரவு ஆட்டங்களும் பெரும்பாலும் எட்டு மணிக்கு மேல்தான், முடிய இரவு பதினொன்றரை ஆகிவிடும். சிறு குழந்தைக்கு இரவு ஆட்டமே வேண்டாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பகல் ஒரு மணி ஆட்டம் என்று பார்த்து வாங்கிய டிக்கெட், பிறகு இரவு 8:20 ஆட்டமாக மாறிவிடலாம். சீசனின் 5-ஆம் வாரத்திலிருந்து, தொலைக்காட்சிக்காக ஞாயிறு ஆட்டங்களை இப்படி மாற்ற லீகுக்கு உரிமை உண்டு. 13-ஆம் வாரம் வரை 12 நாள் முன்னதாகச் சொல்வார்கள். 14-ஆம் வாரத்திலிருந்து 6 நாள் முன்னதாகச் சொன்னால் போதும். 18-ஆம் வாரத்து ஆட்டங்களுக்கோ, நாளும் நேரமும் முந்தைய வாரம் முடிந்த பிறகுதான் முடிவாகும். நேரம் மாறியது என்பதற்காகப் பணம் திரும்ப வரும் என்று நம்பி வாங்காதீர்கள். குழந்தையோடு போவதானால் முதல் நான்கு வாரங்களுக்குள், அதாவது செப்டம்பரில் அல்லது அதை ஒட்டி ஒரு பகல் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அதைவிட நல்ல வழி ஆகஸ்ட் மாத ப்ரீசீசன் ஆட்டம், அதாவது சீசன் தொடங்கும் முன் நடக்கும் பயிற்சி ஆட்டம். பெரிய வீரர்கள் சில நிமிடம் ஆடிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள், பலர் ஆடவே மாட்டார்கள். ஆட்ட ரசிகருக்கு அது குறைதான். குழந்தைக்கு அதனால் மூன்று லாபம்: கூட்டம் குறைவு, சத்தம் குறைவு, மறுவிற்பனையில் டிக்கெட் விலையும் வெகுவாகக் குறைவு. பக்கத்து இருக்கைகள் காலியாக இருந்தால் அந்தச் சௌகரியம் வேறு. முதல் அனுபவத்துக்கு இதைத்தான் அழுத்திச் சொல்வோம். ப்ரீசீசன் ஆட்டங்கள் பல மாலையில் தொடங்கும், தொடங்கும் நேரத்தை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கூரை உள்ள ஸ்டேடியம் பக்கத்தில் இருந்தால் வெயில், மழை, பனி என்ற மூன்று கவலையும் ஒரேயடியாகப் போய்விடும். டெட்ராய்ட், மினியாபொலிஸ், நியூ ஆர்லியன்ஸ், லாஸ் வேகஸ் ஆகிய ஊர்களில் நிரந்தரக் கூரை உண்டு. டாலஸ் பக்கத்து ஆர்லிங்டன், ஹூஸ்டன், இண்டியானாபொலிஸ், அட்லாண்டா, ஃபீனிக்ஸ் பக்கத்து கிளெண்டேல் ஆகிய ஊர்களில் திறந்து மூடும் கூரை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கூரை மூடியிருந்தால் சத்தம் மேலே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும்.

3. குழந்தைக்கு டிக்கெட் வேண்டுமா?

லீக் முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. ஒவ்வொரு ஸ்டேடியமும் தனக்கென ஒன்று வைத்திருக்கிறது. சில இடங்களில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை மடியில் இருந்தால் டிக்கெட் தேவையில்லை. சில இடங்களில் வயதைப் பார்க்கமாட்டார்கள், உயரத்தை அளப்பார்கள். இன்னும் சில இடங்களில் பிறந்த குழந்தைக்கும் டிக்கெட் வேண்டும். பக்கத்து ஊரில் நண்பர் குடும்பம் இலவசமாக அழைத்துப் போனது என்பது உங்கள் ஸ்டேடியத்துக்குப் பொருந்தாது.

ஸ்டேடியத்தின் இணையப் பக்கத்தில் அ முதல் ஃ வரை போல ஒரு வழிகாட்டிப் பட்டியல் இருக்கும். அதில் குழந்தைகள், டிக்கெட், ஸ்ட்ரோலர், பை, உணவு, மறுநுழைவு என்ற ஆறு தலைப்புகளை மட்டும் படியுங்கள். பத்து நிமிடம் போதும். விதி உள்ள பக்கத்தைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் நிற்கும் ஊழியருக்கே சில சமயம் சரியாகத் தெரியாது. வயதைக் காட்ட குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட்டின் படமும் போனில் இருக்கட்டும். அசலைக் கூட்டத்துக்குள் கொண்டு போகாதீர்கள்.

டிக்கெட் கட்டாயமில்லை என்றாலும், ஒன்றரை வயதுக்கு மேல் தனி இருக்கை வாங்குவதே நல்லது. மூன்று மணி நேரம் பத்துப் பதினோரு கிலோ எடையை மடியில் வைத்திருப்பது எளிதல்ல. ஸ்டேடியத்து இருக்கைகளும் குறுகியவை. கிரீன் பே நகரத்து லாம்போ ஃபீல்டு போன்ற இடங்களில் பெரும்பகுதி நீளமான பெஞ்சுதான், எண் போட்ட இடம் இன்னும் குறுகல்.

டிக்கெட் எல்லாமே போனில்தான் வரும். பார்கோடு மாறிக்கொண்டே இருக்கும் வகையாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. அன்று கேட்டுக்குப் பக்கத்தில் நெட்வொர்க் திணறும் என்பதால் முந்தைய இரவே போனின் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். கணவன், மனைவி இருவர் போனிலும் தனித்தனியே டிக்கெட் இருந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் போகவேண்டி வந்தாலும் சிக்கல் இல்லை. 2025 மே 12 முதல், கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையைத்தான் அமெரிக்காவில் டிக்கெட் தளங்கள் காட்ட வேண்டும். ஆகவே முதலில் தெரியும் விலைகளையே இப்போது ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

4. இருக்கை எங்கே

வரிசையின் ஓரம், நடைபாதைப் பக்கம். வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். வரிசை நடுவில் உட்கார்ந்தால் ஒவ்வொரு டயப்பருக்கும் பதினைந்து பேரை எழுப்ப வேண்டும். உள்ளே வரும் சுரங்கவாயிலுக்கு ஐந்தாறு வரிசைக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

மேல்தளத்தின் முதல் வரிசையை வாங்கவே வாங்காதீர்கள். பார்வையை மறைக்கக் கூடாது என்பதற்காக இருக்கைக்கு முன்னால் உள்ள கைப்பிடிச் சுவரை 26 அங்குல உயரத்தோடு நிறுத்த கட்டட விதி அனுமதிக்கிறது. அது சுமார் 66 சென்டிமீட்டர். ஒரு வயதுக் குழந்தையின் உயரமே 74 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். மடியில் எழுந்து நின்றால் பாதி உடம்பு அதற்கு மேலே இருக்கும். டச் டவுன் என்னும் பெரிய புள்ளி விழுந்து எல்லோரும் துள்ளும் நேரத்தில் அந்த இடத்தில் குழந்தையை வைத்திருக்கக் கூடாது. மேல்தளத்தின் உயர வரிசைகளும் மிகச் செங்குத்தானவை. கையில் குழந்தையோடு இறங்குவது பயமாகவே இருக்கும்.

திறந்த ஸ்டேடியத்தில் பகல் ஆட்டமென்றால் மேற்குப் பக்க இருக்கைகளில் முதலில் நிழல் விழும். கிழக்குப் பக்கம் கடைசிவரை முகத்தில் வெயில். மேல்தளம் கூரைபோலக் கவிந்திருக்கும் கீழ்த்தளத்துப் பின்வரிசைகள் வெயிலுக்கும் மழைக்கும் நல்லவை. ஸ்பீக்கர் அடுக்குக்கும் பெரிய திரைக்கும் நேர் கீழே வேண்டாம். சில ஸ்டேடியங்களில் மது விற்காத குடும்பப் பகுதி உண்டு. இருந்தால் கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்தாவது அங்கே வாங்குங்கள்.

5. காது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

என்எஃப்எல் கூட்டத்தின் சத்தம் தற்செயலானது கிடையாது. எதிரணியைக் குழப்பவே கத்துகிறார்கள். பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள். எதிரணி மூன்றாவது முயற்சிக்கு வந்து நிற்கும்போது, அவர்களுடைய குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்தும் வீரர், சொல்வது சக வீரர்களுக்குக் கேட்கக் கூடாது என்று ஸ்டேடியமே எழுந்து நின்று கத்தும். கான்சஸ் சிட்டியின் ஏரோஹெட் ஸ்டேடியத்தில் 2014 செப்டம்பர் 29 அன்று 142.2 டெசிபல் பதிவாகி உலக சாதனையானது. அது ஒரு கணத்து உச்சம்தான். ஆனால் நூறு டெசிபலை ஒட்டிய சத்தம் எந்த ஸ்டேடியத்திலும் அடிக்கடி வரும்.

பெரியவர்களின் வேலையிடத்துக்கு அமெரிக்க அரசின் என்ஐஓஎஸ்ஹெச் நிறுவனம் பரிந்துரைக்கும் அளவைப் பாருங்கள்: 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 91-இல் 2 மணி நேரம், 94-இல் 1 மணி நேரம், 100-இல் வெறும் 15 நிமிடம். இது வளர்ந்த தொழிலாளிக்கான கணக்கு. குழந்தையை இதைவிடக் குறைவான சத்தத்தில்தான் வைக்க வேண்டும்.

வாங்க வேண்டியது காதை முழுதாக மூடும் இயர்மஃப். காதுக்குள் செருகும் பிளக் குழந்தைக்குக் கூடாது. சின்னக் காதில் பொருந்தாது, கழன்றால் வாய்க்குப் போகும். பாட்டுக் கேட்கும் ஹெட்போனும் பயன்படாது. பெட்டியில் என்.ஆர்.ஆர். (சத்தத்தைக் குறைக்கும் அளவு) என்று ஓர் எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது விளையாட்டுப் பொருள். அந்த எண் 22-க்கு மேல் இருக்கட்டும். ஆனால் 25 என்று போட்டிருந்தால் 25 டெசிபல் குறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். அந்த எண்ணிலிருந்து 7-ஐக் கழித்து, வருவதைப் பாதியாக்குங்கள். 25 போட்ட இயர்மஃப் உண்மையில் தருவது சுமார் 9 டெசிபல். நூறு டெசிபல் குழந்தையின் காதில் 91 ஆகும், அவ்வளவுதான். அதனால்தான் இயர்மஃப் மாட்டிவிட்டோம் என்று முழு ஆட்டமும் இருக்கையிலேயே உட்காரக் கூடாது; இடையிடையே வெளித்தாழ்வாரத்துக்குப் போக வேண்டும். விலை சுமார் 25 முதல் 40 டாலர். கைக்குழந்தைக்குத் துணிப்பட்டை வைத்த வகை, இரண்டு வயதுக்கு மேல் வளைந்த தலைப்பட்டை வகை.

ஆட்டத்தன்று முதன்முதலாக மாட்டினால் நிச்சயம் பிடுங்கி எறியும். ஒரு வாரம் முன்பே வீட்டில் பழக்குங்கள். மிக்ஸி ஓடும்போதும் வாக்குவம் போடும்போதும் ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம். நீங்களும் ஒன்றை மாட்டிக்கொண்டால் பிள்ளை சீக்கிரம் ஏற்கும். 2010 பிப்ரவரியில் லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை வென்ற குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸ், பெரிய இயர்மஃப் மாட்டிய தன் ஒரு வயது மகனைத் தூக்கி நின்ற படம் உலகமெங்கும் போனது. அந்தப் படத்தைக் காட்டினாலே தாத்தா பாட்டிக்கு விளக்கம் தேவைப்படாது.

எப்போதெல்லாம் காது மூடியிருக்க வேண்டும்: தேசிய கீதம் முடிந்து விமானங்கள் தலைக்குமேல் போகும்போது, வீரர்கள் பட்டாசுக்கு நடுவே ஓடிவரும்போது, முதல் உதை, எதிரணி பந்து வைத்திருக்கும் நேரம் முழுவதும், சொந்த அணி புள்ளி எடுக்கும்போது. டாம்பாவில் ஸ்டேடியத்துக்குள் நிற்கும் கடற்கொள்ளையர் கப்பலின் பீரங்கிகள் புள்ளிக்கு ஒன்றாக வெடிக்கும். ஓரளவு அமைதி கிடைப்பது சொந்த அணி பந்து வைத்திருக்கும்போது. தங்கள் வீரர்களுக்குக் கேட்க வேண்டும் என்று ரசிகர்களே அடங்குவார்கள். பால் கொடுக்க அந்த நேரம் நல்லது. ஐபோன் இருந்தால் என்ஐஓஎஸ்ஹெச் தரும் இலவச டெசிபல் ஆப்பை முன்பே ஏற்றிக்கொண்டு இருக்கையில் அளந்து பாருங்கள்.

6. பை

2013 முதல் என்எஃப்எல் ஸ்டேடியங்களில் உள்ளிருப்பது தெரியும் பை மட்டுமே. நிறமற்ற பிளாஸ்டிக், வினைல் அல்லது பி.வி.சி.; 12 அங்குல அகலம், 6 அங்குல ஆழம், 12 அங்குல உயரத்துக்கு மேல் கூடாது. அல்லது ஒரு கேலன் ஜிப் பை. இவற்றோடு, உள்ளங்கை அளவில் 4.5-க்கு 6.5 அங்குலச் சிறு பர்ஸ் ஒன்று. அது மட்டும் ஒளி ஊடுருவாததாக இருக்கலாம். டயப்பர் பைக்கு விலக்கு கிடையாது. எத்தனை அழகாகக் கெஞ்சினாலும் காருக்குத் திரும்ப வேண்டியதுதான். உள்ளிருக்கும் டயப்பர், வைப்ஸ், பால்புட்டி எல்லாம் உள்ளே போகலாம். தடை பைக்குத்தான்.

வண்ணம் பூசியது, வலைப்பை, பெரிய பூப்போட்டது ஆகியவை தெளிவான பையாகக் கணக்கில் வராது. 10 முதல் 20 டாலருக்கு நல்ல பை கிடைக்கும். டிக்கெட் உள்ள ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பை கொண்டு போகலாம் என்பதால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் டயப்பர் சமாச்சாரம், மற்றதில் உணவு. போர்வையைப் பைக்குள் திணிக்காமல் தோளில் போட்டுக்கொண்டு போகலாம்.

ஆறு மணி நேரத்துக்கு வேண்டியவை: டயப்பர் 6, ஜிப் பையில் பாதிப் பொட்டலம் வைப்ஸ், மாற்றுடை 2, உங்களுக்கு ஒரு சட்டை (பால் கக்கினால் மூன்று மணி நேரம் அப்படியே உட்கார முடியாது), விரித்துப்போட மெல்லிய துணி, அழுக்கைச் சுருட்ட வெற்று ஜிப் பை 4, மழைக்குப் பிளாஸ்டிக் போன்சோ. குடையை அனுமதிக்கமாட்டார்கள்.

தாய்ப்பால் எடுக்கும் பம்ப் போன்ற மருத்துவத் தேவைப் பொருட்களுக்குத் தனிச் சோதனை உண்டு. எந்த கேட் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஐஸ்பெட்டி கூடாது. ஸ்ட்ரோலரை வீட்டில் விட்டுவிடுங்கள். சில இடங்களில் தடை, சில இடங்களில் மடித்து ஓரிடத்தில் ஒப்படைக்க வேண்டும். எங்குமே இருக்கைக்குக் கொண்டு போவது நடக்காத காரியம். கேரியர்தான் சரி. அதன் பெரிய பாக்கெட்டுகளைக் காலியாக வைத்திருங்கள்.

நம் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு. வெள்ளி அரைஞாண், கொலுசு, தண்டை ஆகியவை உலோகச் சோதனையில் ஒலி எழுப்பலாம். முதல்நாளே கழற்றி வைத்துவிட்டால் தூங்கும் குழந்தையைச் சோதனை வரிசையில் எழுப்ப வேண்டியிராது.

7. பாலும் சாப்பாடும்

பொது இடத்தில் தாய்ப்பால் கொடுப்பது அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சட்டப்படி உரிமை. இருக்கையிலேயே கொடுக்கலாம், யாரும் எழுப்ப முடியாது. தனியிடம் வேண்டுமென்றால் பல ஸ்டேடியங்களில் பாலூட்டும் அறை உண்டு. கெஸ்ட் சர்வீசஸ் மேசையில் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

எடுத்து வைத்த தாய்ப்பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். கலந்த பால்பவுடர் 2 மணி நேரம்தான், குழந்தை வாய் வைத்துவிட்டால் 1 மணி நேரம். ஆகவே வீட்டில் கலந்து எடுத்துப் போவது உதவாது. அளந்த பவுடரை உலர்ந்த புட்டிகளில் போட்டு, தண்ணீரைத் தனியே கொண்டு போய் அங்கே கலக்குங்கள். கண்ணாடிப் புட்டி கூடாது. எவர்சில்வர் டப்பா, ஃபிளாஸ்க் போன்ற கெட்டிப் பாத்திரங்களையும் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். பிசைந்த பருப்பு சாதமோ தயிர் சாதமோ மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவில், வெளியே தெரியும்படி இருக்கட்டும். குழந்தை உணவு என்று சொன்னால் பிரச்சினை வருவதில்லை. பெரியவர்களுக்கு எலுமிச்சை சாதப் பொட்டலம் கொண்டு போகலாமா என்பது அந்தந்த ஸ்டேடிய விதி.

உள்ளே விற்கும் பாப்கார்ன், வேர்க்கடலை, வட்டமாக நறுக்கிய ஹாட் டாக் எதையும் நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தரக் கூடாது, தொண்டையில் அடைக்கும். பின்வரிசைக்காரர் சிந்திய கடலை உங்கள் காலடியில் கிடக்கும். தவழும் குழந்தையைத் தரையில் விட்டால் அது கண்டுபிடிக்கும் முதல் பொருள் அதுதான்.

பல ஸ்டேடியங்களில் ரொக்கம் வாங்குவதில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டி தனியாகக் கடைக்குப் போவதானால் ஒரு கார்டைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

8. வெயில், குளிர்

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நேர்வெயிலில் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. செப்டம்பரில் திறந்த ஸ்டேடியத்தில் நிழல் இருக்கை கிடைக்கவில்லை என்றால் போகாதீர்கள். கேரியர்மேல் போர்வை போட்டு மூடுவது வெயிலுக்கு வழியாகாது. உள்ளே வெப்பம் தேங்கும். மார்போடு கட்டியிருக்கும்போது எப்போதும் முகம் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் அழுந்தக் கூடாது. இயர்மஃப் ஒருபக்கம் முட்டிக் கழுத்து திரும்பியிருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

குளிரில் நீங்கள் எழுந்து கத்துவதால் உடம்பு சூடாகும். குழந்தை அசையாமல் கிடக்கும். உங்களைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் போடுங்கள், கையுறையும் காலுறையும் இரண்டு ஜோடி. உறைநிலைக்குக் கீழே போகும் நாளில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் திறந்த ஸ்டேடியத்துக்குக் கொண்டு போவதற்கு எந்த டிக்கெட் விலையும் காரணமாகாது, விற்றுவிடுங்கள்.

9. ஆட்டத்தன்று

பார்க்கிங் சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். பல ஸ்டேடியங்களில் அங்கே போய்க் காசு கொடுத்து நிறுத்த முடியாது. ரயில் வசதி இருந்தால் அதுவே மேல்: மினியாபொலிஸில் ரயில் ஸ்டேடிய வாசலிலேயே நிற்கிறது, சியாட்டிலிலும் நடக்கும் தூரம்தான். நியூ யார்க் அணிகளின் ஸ்டேடியம் உள்ள நியூ ஜெர்சியில் செகாகஸ் நிலையத்தில் ரயில் மாறிப் போக வேண்டும். திரும்பும்போது அங்கே வரிசை மிக நீளம்.

வாசல் பெரும்பாலும் ஆட்டத்துக்கு 2 மணி நேரம் முன்பு திறக்கும். குழந்தையோடு ஒரு மணி நேரம் முன்பு கேட்டில் இருந்தால் சரி. கடைசி அரை மணியில் வரிசை மிக நெருக்கமாகிவிடும். பார்க்கிங்கில் நடக்கும் டெயில்கேட் விருந்தில் புகை, கரி அடுப்பு, பின்னோக்கி வரும் கார்கள் என்று எல்லாம் இருக்கும். நடக்கும் பிள்ளையை அங்கே இறக்கிவிடாதீர்கள்.

உள்ளே போனதும் முதலில் கெஸ்ட் சர்வீசஸ். பிள்ளையின் கையில் கட்ட இருக்கை எண்ணும் உங்கள் போன் எண்ணும் எழுதிய பட்டை பல இடங்களில் இலவசமாகத் தருவார்கள். முதல் ஆட்டச் சான்றிதழ் பல இடங்களில் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். அப்படியே குடும்பக் கழிவறை, அமைதி அறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

டயப்பர் மாற்ற ஹாஃப்டைம் வரை காத்திருக்காதீர்கள். ஹாஃப்டைம் 13 நிமிடம்தான், அறுபதாயிரம் பேரும் அப்போதுதான் எழுவார்கள். இரண்டாம் குவார்ட்டரில் 4 நிமிடம் மீதம் இருக்கும்போதே எழுந்துவிடுங்கள். குவார்ட்டருக்கு ஒருமுறை பத்து நிமிடம் தாழ்வாரத்தில் நடந்து, இயர்மஃப்பைக் கழற்றிக் காதுக்குக் காற்று கொடுங்கள்.

10. எப்போது கிளம்புவது

மது விற்பனை பெரும்பாலும் மூன்றாம் குவார்ட்டர் முடிவில் நிற்கும். அதற்குள் குடித்தவர்கள் கடைசிக் குவார்ட்டரில் உரக்கவே இருப்பார்கள். குழந்தை இருபது நிமிடமாக அடங்காமல் அழுதாலோ, இயர்மஃப்பை மூன்றாவது முறையாகக் கழற்றிவிட்டு மாட்டவே விடவில்லை என்றாலோ, ஸ்கோர் எதுவானாலும் கிளம்புங்கள். நன்றாக இருந்தாலும் நான்காம் குவார்ட்டரில் 5 நிமிடம் இருக்கும்போது எழுந்தால் படிக்கட்டு காலியாக இருக்கும். கடைசிவரை பார்க்க ஆசையென்றால் முடிந்த பிறகு இருக்கையிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து, பால் கொடுத்து, டயப்பர் மாற்றிவிட்டு மெதுவாக இறங்குங்கள். நெரிசலுக்கு நடுவில் மட்டும் போகாதீர்கள்.

காரில் ஏறியதும் குளிர் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுத்தான் கார் சீட் வாரைப் போட வேண்டும். புஸுபுஸு ஜாக்கெட்டின் மேல் இறுக்கிய வார் மோதலில் தளர்ந்துவிடும். வாரை மாட்டி முடித்த பிறகு போர்வையை மேலே போர்த்துங்கள்.